முள்ளும் முழவும்

முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டபடியால் மாடிப்படி ஏறுவதையும் தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் கூடியவரையில் தவிர்க்க வேண்டும் என்றும், குதிப்பது என்ற எண்ணத்தையே இந்த ஜன்மத்துக்கு மறந்துவிட வேண்டும் என்றும் எலும்பு வைத்தியர் எனக்கு உத்தரவு போட்டபோது, அவர் என் கால்களை மனத்தில் வைத்துத்தான் பேசினாரே தவிர, என் வலது கைக் கட்டைவிரலைப் பற்றி ஒரு வார்த்தையும் பிரஸ்தாபிக்கவில்லை. சட்டத்தில் விட்டுப்போன இந்தச் சந்து வழியாகப் புகுந்துகொண்டு, சிங்காநல்லூரில் என் வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலியை விட்டு அசையாமலே, நான் நாள்தோறும் கணக்கில்லாமல் குதித்து, குதித்த தடவையெல்லாம் பெரும்பாலும் செத்து, செத்த கணமே மறுபடியும் பிறந்து வருகிறேன். வேதாந்திகள் பல ஜன்மங்களில் அடைய வேண்டியதாகச் சொல்லும் வைராக்கியம், காலைக் காப்பிக்கும் பத்து மணிப் பழைய சோற்றுக்கும் நடுவிலேயே எனக்குச் சித்தித்துவிடுகிறது.

இதற்கெல்லாம் காரணமான விளையாட்டின் பெயர் ஜியோமெட்ரி டாஷ். ஸ்வீடன் தேசத்தவரான ராபர்ட் டோபாலா என்பவர், பெரிய கம்பெனி, பெரிய முதல், பெரிய பரிவாரம் எதுவுமின்றி ஏறத்தாழத் தனி ஆளாகவே செய்து, 2013-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்டது. கண்ணும் வாயும் உள்ள ஒரு சின்னஞ்சிறு சதுரக் கட்டம், இடமிருந்து வலமாகத் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த முடியாது, திருப்ப முடியாது, சற்று நிதானமாகப் போ அப்பா என்று கெஞ்சவும் முடியாது. விநாடி ஒன்றுக்குத் தன்னைப் போன்ற பத்துக் கட்டங்களின் நீளத்துக்கும் சற்று மேலாகவே அது கடந்துவிடும். வழி நெடுக முக்கோண வடிவில் முட்கள் நட்டிருக்கும். திரையை விரலால் தொட்டால் கட்டம் ஒரு குதி குதிக்கும். நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அதிகாரம் அவ்வளவுதான். முள்ளில் பட்டால் கட்டம் சிதறிப் போகும், பாட்டு நின்று போகும், நாம் எத்தனை தூரம் வந்திருந்தாலும் ஆரம்ப இடத்திலிருந்தே மறுபடியும் ஓட வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் முக்கோணமானது பைதாகரஸ் வழியாகச் சுற்றி வளைத்து என்னை ஹிம்சித்தது. இந்த வயதில் சுற்றுவதற்கு அவகாசமில்லை என்று கண்டுகொண்டதோ என்னவோ, நேராகவே கொன்றுவிடுகிறது.

செத்த தடவைகளை மறந்துவிடுவோமே என்றால் அதற்கும் வழி வைக்கவில்லை. இது உன் இத்தனையாவது முயற்சி என்று ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் திரையில் எண் போட்டுக் காட்டுகிறார்கள். என் மனைவி ஒரு நாள் மோர் டம்ளரைக் கொண்டுவந்து வைக்கும்போது அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து, "ஏனுங்க, இந்தவாட்டி கரண்டு பில்லு இத்தனை வந்திருக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையைவிட அது கௌரவமாக இருந்தது.

வயதானவர் இப்படிக் கைப்பேசியில் விளையாடுவது தகுமா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரின் சரித்திரம் அறியாதவர்கள். திருச்சிராப்பள்ளியில் ரயில்வேயில் வரைபடம் வரையும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து சலனப் படக் கருவியை விலைக்கு வாங்கி, ஒழுங்கான உத்தியோகத்தை உதறிவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திரிந்தார். அவருடைய உறவினர்கள் அப்போது என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பதற்குப் பெரிய கற்பனாசக்தி தேவையில்லை. அந்த மனிதர்தாம் பிற்பாடு 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். இன்றைக்கும் அந்த வீதிக்கு வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். அசைகிற படங்களைக் கண்டு முகம் சுளிக்கும் உரிமை மற்ற ஊர்க்காரர்களுக்கு இருக்கலாம், எங்களுக்கு இல்லை.

என் குரு, மகள் வயிற்றுப் பேரன். பீளமேட்டிலிருந்து சனிக்கிழமை தோறும் வந்து, ஞாயிறு மாலை வரை தங்கி, அம்மாயி கையால் அரிசீம்பருப்புச் சோறும் நெய்யும் சாப்பிட்டுவிட்டு, கைம்மாறாக அப்புச்சிக்கு வித்தை கற்பித்துவிட்டுப் போகிறான். குருகுல வாசத்தில் சிஷ்யன் குருவின் வீட்டில் போய்த் தங்குவான் என்பது பழைய ஏற்பாடு. குரு சிஷ்யனுடைய வீட்டில் வந்து தங்கி, சிஷ்யன் செலவில் ஐஸ்கிரீமும் தின்னுவது நவீன ஏற்பாடு. ஆரம்பத்தில் நான் முட்களை உற்றுப் பார்த்து, தூரத்தைக் கண்ணால் அளந்து, இதோ வருகிறது, இதோ வந்துவிட்டது என்று மனத்துக்குள் எச்சரித்துக்கொண்டு, எச்சரிக்கை முடிவதற்குள் செத்துக்கொண்டிருந்ததைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த என் குரு, "அப்புச்சி, கண்ணால பாத்துக் குதிக்காதீங்க. காதால கேட்டுக் குதிங்க. பாட்டு சொல்லுமுங்க" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தில் அந்த விளையாட்டின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதன் முதல் நிலைக்கு ஸ்டீரியோ மேட்னஸ் என்று பெயர். ஃபாரெவர்பௌண்ட் என்ற புனைபெயர் கொண்ட சங்கீதக்காரர் அமைத்த, ஏறத்தாழ ஒன்றரை நிமிஷம் ஓடுகிற மெட்டு. அதன் தாள அடிகளை அனுசரித்தே முட்களும் மேடைகளும் நடப்பட்டிருக்கின்றன. அடி விழும் இடத்தில் விரலும் விழுந்தால் கட்டம் முள்ளைத் தாண்டும், விரல் தவறினால் பாட்டே அறுந்துபோகும். சபையில் தாளம் தப்பிய வித்துவானை ரசிகர்கள் முணுமுணுத்துப் பொறுத்துக்கொள்வார்கள். இங்கே உடனடியாக மரண தண்டனை. இப்படிப்பட்ட பாட்டுகளில் பல, நியூகிரவுண்ட்ஸ் என்ற இணையதளத்தில் பேர் ஊர் அறியாத இளைஞர்கள் தங்கள் அறையில் உட்கார்ந்து அமைத்து வைத்தவை. டோபாலாவுக்கு முன்னரே, 2009-இல், தி இம்பாஸிபிள் கேம் என்ற விளையாட்டில் ஒரு சதுரம் இதே விதமாகப் பாட்டுக்குக் குதித்துச் செத்தது. 2012-இல் டெர்ரி கவனா என்ற ஐரிஷ்காரர் செய்த சூப்பர் ஹெக்ஸகானில், சிப்ஸெல் என்ற பெண்மணியின் சங்கீதத்துக்கு ஒரு சிறு அம்பு சுழன்று சுழன்று செத்தது. ஆக, குடும்பத்தில் அற்பாயுசு பரம்பரையாக வருகிறது.

காதால் கேட்டுக் குதிப்பது என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் தலைதூக்கிற்று. ஏனென்றால் நான் முப்பது வருஷத்துக்கு மேல் காதை வைத்தே ஜீவனம் செய்தவன். பஞ்சாலையில் ரிங் பிரேம் பகுதியில் மேஸ்திரியாக இருந்தேன். 1888-இல் எங்கள் ஊரில் ஸ்டேன்ஸ் துரை ஆலை தொடங்கியதும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்திறங்கியதும், பின்னர் திரும்பிய திசையெல்லாம் புகைபோக்கி முளைத்ததும் சரித்திரப் புத்தகங்களில் உண்டு. புத்தகத்தில் இல்லாதது அந்தச் சத்தம். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே கூரையின்கீழ் சுழலும்போது எழும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. உதட்டைப் படித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. பல்சக்கரம் ஒன்றில் பல் தேய்ந்தால், கதிர் ஒன்றின் நாடா தளர்ந்தால், எண்ணெய் காய்ந்தால், ஒட்டுமொத்தச் சத்தத்தில் எங்கேயோ ஒரு சுருதி பிசகும். நாலாவது மிஷின், ஜன்னல் பக்கத்துச் சைடு என்று தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவோம். வீட்டில் மனைவி கூப்பிட்டது கேட்கவில்லை என்று சொன்னால், அத்தனை நுட்பமான காது எப்படிக் கேட்காமல் போயிற்று என்று அவள் கேட்பாள். அதற்கு இன்று வரை என்னிடம் தக்க சமாதானம் இல்லை.

ஆலைக் காதைக் கொண்டு விளையாடத் தொடங்கியதும் நிலைமை சற்று அபிவிருத்தி அடைந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தாளத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, விரலை அதன் போக்கில் விட்டால், முன்பு மலையாகத் தோன்றிய ஜோடி முட்கள் வந்த சுவடு தெரியாமல் பின்னால் போயின. அப்போது பார்த்து என் மகள், அப்பாவின் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று அம்மா தொலைபேசியில் பிராது கொடுத்ததை உத்தேசித்து, கம்பியில்லாக் காதொலிக் கருவி ஒன்றைப் பரிசாக வாங்கி வந்தாள். நல்ல கருவி, நல்ல எண்ணம். அதை மாட்டிக்கொண்ட நாள் முதல் முன்பு தாண்டிய முட்களிலெல்லாம் நான் சாக ஆரம்பித்தேன். முதுமை என்பது இப்படித்தான் ஒரே நாளில் வந்து உட்காரும் போலிருக்கிறது என்று நான் மனம் தளர்ந்து, உயிலைப் பற்றிக்கூட யோசிக்கத் தலைப்பட்ட சமயத்தில், சனிக்கிழமை வந்தது; குருவும் வந்தார்; வந்ததும் என் காதிலிருந்து கருவியைப் பிடுங்கினார். ப்ளூடூத் வழியாக வரும் ஓசை, விநாடியில் பத்தில் ஒரு பங்காவது தாமதித்துத்தான் காதை வந்து சேருமாம். சில கருவிகளில் இன்னும் அதிகமாம். பாட்டுக் கேட்பதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. விநாடிக்குப் பத்துக் கட்டம் ஓடுகிறவனுக்கோ, காதில் அடி விழும்போது முள் ஏற்கெனவே ஒரு கட்டம் நெருங்கி வந்து நெஞ்சில் ஏறியிருக்கும். என் மரணங்களில் ஒரு கணிசமான பகுதி இவ்விதமாகத் தபால் தாமதத்தால் நேர்ந்தவை என்று அறிந்தபோது எனக்கு உண்டான ஆறுதலை விவரிக்க முடியாது. இப்போது இரண்டு முழ நீளக் கம்பி தொங்கும் பழைய காதொலிக் கருவியைத்தான் உபயோகிக்கிறேன். அது சாய்வு நாற்காலியின் கையில் சிக்கிக்கொண்டு, எழுந்திருக்கும்போதெல்லாம் என்னை மறுபடியும் உட்கார வைக்கிறது.

பயிற்சிக்கென்று ஒரு தனி முறை இருக்கிறது. அதில் வழியில் ஆங்காங்கே பச்சை நிறத்தில் ஒரு மணி நட்டுக்கொள்ளலாம், செத்தால் அந்த மணியிலிருந்து தொடரலாம். இதைக் கேட்டதும் பரம சந்தோஷமாக அதில் இறங்கினேன். அங்கே வழக்கமாக ஒலிப்பது அந்த நிலையின் பாட்டன்று. மெத்தென்ற வேறு ஏதோ ஒரு பாட்டு. காதால் குதிக்கிறவனுக்கு அது மாமியார் வீட்டுக்கு வழி கேட்டால் மார்க்கெட்டுக்கு வழி சொல்கிற உபகாரம். பேரன் போன்ற கண்ணால் கற்கும் ஜாதிக்கு அது ஏற்றது, நான் விலகிவிட்டேன்.

பாதி வழியில் கட்டமானது ஒரு சிறு விமானத்தில் ஏறிக்கொள்ளும். விரலை அழுத்தினால் மேலே போகும், எடுத்தால் கீழே இறங்கும், இரண்டுக்கும் நடுவே நேராகப் போக வேண்டும். நேராகப் போவது எத்தனை கடினமான காரியம் என்பது அப்போதுதான் தெரிகிறது. நாலாவது நிலையாகிய ட்ரை அவுட்டில் பூமியின் ஆகர்ஷண சக்தியையே தலைகீழாக்கிவிடுகிறார்கள். கட்டம் கூரையில் ஓடுகிறது, குதித்தால் கீழ்நோக்கி விழுந்து மறுபடியும் கூரைக்கே எழும்புகிறது. நியூட்டன் இருந்தால் வருத்தப்படுவார். நான் வருத்தப்படும் அளவுக்கு அங்கே நீடித்திருப்பதில்லை.

எங்கே உட்கார்ந்து விளையாடுவது என்பதும் ஒரு பிரச்சினை. சமையலறையில் கிரைண்டர் ஓடும் நேரம் உதவாது. 1955-இல் மின்சார மாவரைக்கும் யந்திரத்தை உண்டாக்கிய எங்கள் ஊர் சபாபதி அவர்களுக்குத் தென்னிந்தியாவே கடமைப்பட்டிருக்கிறது என்றாலும், அந்தக் கல் உருளும் சத்தத்துக்கென்று ஒரு பிடிவாதமான தாளம் இருப்பதும், அது ஸ்டீரியோ மேட்னஸின் தாளத்துக்குச் சற்றும் ஒத்துவராததும் மறுக்க முடியாதவை. காந்திபுரத்திலிருந்து பல்லடம் போகும் பஸ்ஸில் ஒரு தடவை முயன்றேன். வேகத்தடை வரும்போதெல்லாம் பஸ் குதித்தது, நான் குதித்தேன், கட்டம் மட்டும் குதிக்கவில்லை. ஒருமுறை தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி, இதோ முடிந்துவிட்டது என்ற ஸ்திதியில், கண்டக்டர் தோளைத் தொட்டு, "பெருசு, டிக்கெட் வாங்கியாச்சுங்களா?" என்றார். அவர் தம் கடமையைத்தான் செய்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மிச்சச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. தாளத்துக்குக் குதிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சின்ன வயதில் நானே குதித்தவன். அப்போது ஒரு தடவைகூடச் சாகவில்லை. இப்போது மட்டும் ஏன் இத்தனை சாவு?

சூலூருக்குக் கிழக்கே என் சொந்த ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால், கோயிலுக்கு எதிரே மூன்று கவையாகப் பிரிந்த கம்பத்தை நடுவார்கள். அதற்கு மஞ்சளும் வேப்பிலையும் சார்த்தி, பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வழிபடுவார்கள். இரவானால் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். தப்பட்டைக்காரர்கள் ஓரமாக வைக்கோலும் சருகும் போட்டுத் தீ மூட்டி, தப்பட்டையின் தோலை அதன்மேல் காட்டிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, போதாதென்று மறுபடியும் காட்டி, ஒரு கணீரென்ற ஓசை வந்த பிறகே எழுந்து வருவார்கள். முதலில் தப்பட்டை தனியாகப் பேசும். பிறகு மத்தளம் சேரும். இளவட்டங்கள் சலங்கை கட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, வட்டமாக நின்று, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, பிறகு ஒரு திரும்பல், ஒரு குதி. நடுவில் எங்கேயோ உருமி புகும். தோலின்மேல் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது அது முனகுகிற முனகலைக் கேட்டால், நாற்பது வருஷமாக அசையாத மனிதனுக்கும் கணுக்காலில் ஏதோ செய்யும். கரூரில் இந்தக் கம்பத்தைத் திருவிழா முடிவில் அமராவதி ஆற்றுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஈரோட்டில் பெரிய மாரியம்மன் கம்பம் மஞ்சள் நீர் தெளிக்கும் கூட்டத்தின் நடுவே காவிரிக்குப் போகும். எங்கள் ஊரில் கிணறுதான். அது நிற்கிற நாள் வரையில் தினமும் ஆட்டம் உண்டு.

அந்த ஆட்டத்தில் அடி தவறுவது சர்வ சாதாரணம். தவறினால் என்ன ஆகும்? பெரிய தப்பட்டைக்காரர் வாசிக்கும்போது தம் கையைப் பார்ப்பதே இல்லை; ஆடுகிறவர்களின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வந்த ஒரு பொடுசு தடுமாறினால், அதே அடியை இன்னும் இரண்டு சுற்றுத் திருப்பி வாசித்து, அவன் கால் சேர்ந்துகொண்ட பிறகே அடுத்த அடிக்குப் போவார். கூட்டத்துக்கு வெறி ஏறினால் அவர் கையும் ஏறும். வயதானவர்கள் இறங்கினால் அவரும் இறங்குவார். அன்றைக்கு நாங்கள் தாளத்துக்கு ஆடியதாக நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கால்களுக்குத் தாளம் ஆடிக்கொண்டிருந்தது. டோபாலாவின் சதுரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அந்தப் பாட்டு என் காலைப் பார்ப்பதில்லை; நான் செத்தாலும், சிரித்தாலும், காப்பி குடிக்கப் போனாலும், அதே இடத்தில் அதே அடி, அதே முள். என் சாவுகளுக்குக் காரணம் வயதுமல்ல, மூட்டுமல்ல, என்னைப் பார்த்து வாசிக்க ஆள் இல்லாததுதான் என்று தெளிந்தேன்.

இந்தத் தத்துவத்தைப் பேரனிடம் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்டீன்னா அந்த மேளத்துக்கே நாம ஒரு லெவல் செஞ்சு போடலாமுங்க அப்புச்சி" என்றான்.

செய்யலாம்தான். இந்த விளையாட்டின் ஆயுசுக்குக் காரணமே அதுதான்: முட்களையும் மேடைகளையும் நட்டு, சொந்தமாக வழி அமைத்துக்கொள்ளும் பட்டறை ஒன்றை ஆட்டத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். உலகெங்கும் பிள்ளைகள் லட்சோபலட்சமாக இப்படி வழிகளை உண்டாக்கி, மற்றவர்களைக் கொல்வதற்காக வெளியிட்டு வருகிறார்கள். 2017 ஜனவரியில் ஒரு பெரிய புதுப்பிப்பை வெளியிட்ட டோபாலா, அடுத்ததை 2023 டிசம்பரில்தான் வெளியிட்டார். இடைப்பட்ட ஏறத்தாழ ஏழு வருஷமும் உலகத்துப் பிள்ளைகள் வரும் வரும் என்று காத்துக் கிடந்தார்களாம். பேரன் இதை ஒரு மகா துயரமாக வர்ணித்தான். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக அறுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2024-இல் தண்ணீரைக் கண்ட ஜனங்கள் மத்தியில் உட்கார்ந்துகொண்டு ஏழு வருஷத்தைப் பற்றிப் பேசாதே கண்ணு என்றேன்.

சென்ற நோம்பியில் அவன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த மேளச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதோ ஒரு பாட்டின் கோப்புக்குப் பதிலாக அதே பெயரில் அதை மாற்றிவைத்து, ஆட்டத்தை ஏமாற்றினான். அந்த ஒலிப்பதிவில் மேளம் மட்டுமா இருந்தது? குழந்தை அழுகை, எங்கோ ஒரு ஸ்கூட்டர், நடுவே என் பங்காளி ஒருவர் உரத்த குரலில், "டேய், தீக்கிட்ட நிக்காதீங்கடா!" என்று அதட்டுவது எல்லாம் இருந்தன. பங்காளியின் அதட்டலும் தற்செயலாகச் சரியான அடியில் விழுந்திருந்தபடியால், அங்கே ஒரு முள்ளை நட்டோம்.

சாதாரணமாகப் பாட்டுக்கு நிமிஷத்துக்கு இத்தனை அடி என்று கணக்குக் கொடுத்துவிட்டால், அதற்கேற்பக் கோடுகளைச் சமதூரத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் கோடுகளின்மேல் முட்களை நடலாம். அவன் அப்படித்தான் தொடங்கினான். முதல் சில அடிகள் பொருந்தின. பிறகு கோடு ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்து வாசித்தவருடைய கை எப்படிச் சமதூரத்தில் விழும்? நான் முன்பு சொன்ன தாட்சண்யமெல்லாம் கம்ப்யூட்டரில் பிழைகளாக வந்து நின்றது. கடைசியில் வேறொரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தான்: பாட்டை ஓடவிட்டு, அடி விழும்போதெல்லாம் விரலால் தட்டினால், தட்டிய இடத்தில் கோடு விழும். "நீங்க தட்டுங்க அப்புச்சி, உங்களுக்குத்தான் அந்த அடி தெரியும்" என்று என் கையைப் பிடித்து விசைப்பலகையின்மேல் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். அரை நைட் ஷிப்டு முடிந்து வந்த களைப்போடு கம்பத்தைச் சுற்றி ஆடிய பழைய இரவுகளெல்லாம் என் விரல் வழியாக இறங்கிவந்து கோடுகளாக விழுந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை என்று குருவே சான்று கொடுத்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "மேளம் கேட்டுச்சு, சாமி வந்துருச்சாக்கும்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வழி தயார். அதை உலகத்துக்கு வெளியிடலாம் என்று பொத்தானை அமுக்கப் போனபோதுதான், டோபாலாவின் ராஜ்யத்தில் ஓர் உன்னதமான சட்டம் இருப்பதைப் பேரன் தெரிவித்தான். முள்ளை நட்டவன், அந்த வழியைத் தானே முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டத்தில் சாகாமல் கடந்து காட்டினாலன்றி, அதை மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாது. எத்தனை நேர்த்தியான நீதி! வீதியில் வேகத்தடை போடுகிறவர்கள், போட்ட அன்றைக்கு ராத்திரியே விளக்கில்லாத மொபெட்டில் அதன்மேல் மூன்று தடவை போய்வர வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தால் என் முழங்கால் இன்னும் பத்து வருஷம் உழைத்திருக்கும். இன்னொரு செய்தியும் சொன்னான்: நாங்கள் வெளியிட்டாலும் மேளச் சத்தம் எங்கள் கம்ப்யூட்டரோடு சரி, மற்ற தேசத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய பாட்டுத்தான் கேட்குமாம். அதாவது, எங்கேயோ ஒரு ஸ்வீடன் தேசத்துச் சிறுவன், தன் காதில் வேறு ஏதோ ஒலித்துக்கொண்டிருக்க, சூலூர்ப் பக்கத்துத் தப்பட்டைக்கும் என் பங்காளியின் அதட்டலுக்கும் காரணம் புரியாமல் குதித்துக் குதித்துச் சாகப்போகிறான். இத்தனை நாள் அவர்கள் பாட்டுக்கு நான் செத்ததற்கு இது ஒருவாறு ஈடாகும் என்று எனக்குப் பட்டது.

முதலில் நாங்கள் கடந்தாக வேண்டுமே! பேரன் கண்ணால் குதிப்பவன். சமதூரம் இல்லாத முட்களில் அவன் கண் ஏமாந்துவிடுகிறது. நான் காதால் குதிப்பவன். அடி தெரிகிறது, விரல்தான் எழுபதை நெருங்குகிறது. இருவரும் மாறி மாறி முயன்றும், உருமி புகுகிற இடத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று முட்களைத் தாண்டியவர் இல்லை. அந்த மூன்றில் நடுமுள்ளை மட்டும் எடுத்துவிட்டால் சுலபமாகக் கடந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்கிறான் அவன். வாரா வாரம் இதே வாதம். அம்மாயியிடம் அப்பீல் போயிற்று. அவள், முள்ளை எடுத்தாலும் சரி வைத்தாலும் சரி, சோறு ஆறுவதற்குள் வந்தால் போதும் என்று தீர்ப்பளித்தாள். நான் சம்மதிக்கவில்லை. அந்த மூன்று அடியில் நடு அடிதான் உருமி முனகுகிற அடி. அங்கே முள் இல்லாவிட்டால் பெரிய தப்பட்டைக்காரர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? வருகிற நோம்பிக்கு அவரையே அழைத்துவந்து விசைப்பலகையின் முன்னால் உட்கார வைக்கலாமா என்று பேரன் கேட்டிருக்கிறான். வருவார், ஆனால் அந்தக் கட்டத்துக்குக் கால் இருந்தால்தான் வாசிப்பேன் என்பார்.